எல்லை தாண்டும் புகையும் நல்ல அயலாரும்



சில மாதங்களுக்கு முன் ஒருநாள் மாலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் எனக்காகக் காத்திருந்தார். "சாமி, நீங்கதான் பேசிச் சொல்லணும். பின்வீட்டுக்காரங்க தினமும் சருகையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொளுத்துறாங்க. புகை அப்படியே எங்க வீட்டுக்குள்ள வருது. சின்னவனுக்கு வீசிங் இருக்கு சாமி. ராத்திரி பூரா தூங்க மாட்டேங்கிறான்" என்றார். பின்வீட்டாரை அழைத்துப் பேசினேன். முதலில் கொஞ்சம் கோபப்பட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "காத்து அந்தப் பக்கம் அடிக்குதுன்னு எனக்குத் தெரியாது சாமி" என்றார். மறுநாள் முதல் கொளுத்துவதை நிறுத்திவிட்டார்.

இந்த வழக்கு எளிதாகத் தீர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. புகை கண்ணுக்குத் தெரிந்தது. காற்று வீசும் திசை தெரிந்தது. கொளுத்தியவர் யார், இருமுகிறவர் யார் என்பதும் தெரிந்தது. ஆனால் புகை கண்ணுக்கே தெரியாததாக இருந்தால் என்ன செய்வது? கொளுத்துகிற இடம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்? அங்கே புறப்படுவது ஒன்றாகவும் இங்கே வந்து சேர்வது வேறொன்றாகவும் இருந்தால்? அந்தத் தாய் யாரிடம் போய் முறையிடுவார்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மாநிலங்கள் பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடுதான் போராடி வருகின்றன. அதற்கு விடை தேட அவர்கள் உருவாக்கிய கருவிதான் காற்று மாசின் பயணத்தைக் கணக்கிடும் கணினி மாதிரி. அது எப்படி வேலை செய்கிறது, அது நமக்கு என்ன சொல்கிறது என்பதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

ஓசோன் நல்லதா, கெட்டதா?

ஓசோன் என்றதும், நம்மைச் சூரியனின் புறஊதாக் கதிர்களிலிருந்து காக்கும் படலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வரும். அது உண்மைதான். ஆனால் அந்தப் படலம் வானில் மிக உயரத்தில் இருக்கிறது. அதே ஓசோன் தரையருகே, நாம் மூச்சுவிடும் காற்றில் சேர்ந்தால் அது நஞ்சு. மூச்சுக்குழாயைப் புண்படுத்தி வீங்கச் செய்கிறது. ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சுத்திணறலைத் தூண்டுகிறது. ஓடியாடும் குழந்தைகளும், வெயிலில் உழைக்கும் தொழிலாளர்களும் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். பயிர்களின் விளைச்சலையும் அது குறைக்கிறது.

இதில் வியப்பு என்னவென்றால், இந்த ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேரடியாக வருவதில்லை. 1943ம் ஆண்டு கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒரு புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க்காலம் ஆகையால் எதிரிகள் விஷவாயுவை ஏவிவிட்டார்களோ என்றுகூடச் சிலர் அஞ்சினார்கள். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஏரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் அறிஞர் பின்னர் இதைக் கையில் எடுத்தார். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் வாயுக்கள் வெயிலில் ஒன்றோடொன்று வினைபுரிந்து ஓசோனாகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார்.

இதற்கு இரண்டு மூலப்பொருள்கள் தேவை. ஒன்று, எதை எரித்தாலும் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள். மின்நிலையம், லாரி, கார், தொழிற்சாலைக் கொதிகலன் எல்லாம் இதை வெளியிடுகின்றன. மற்றது, பெட்ரோல், பெயின்ட், கரைப்பான்கள் முதலியவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்கள். இந்த இரண்டும் சேர்ந்து, மேலே நல்ல வெயிலும் அடித்தால், சில மணி நேரத்தில் ஓசோன் உருவாகிவிடும். பாலில் உறை ஊற்றி வைத்தால் உடனே தயிராவதில்லை அல்லவா? அதற்கு நேரமும் வெப்பமும் வேண்டும். அதுபோலத்தான் இதுவும். ஆனால் இங்கே, உறை ஊற்றுவது ஓர் ஊர். தயிராவது இன்னோர் ஊர். இடையில் சுமந்து செல்வது காற்று.

இரவிலும் தொடரும் பயணம்

வெயில் சாய்ந்தவுடன் ஓசோன் உருவாவது நின்றுவிடும். தரையருகே இருப்பது மண்ணிலும் இலைகளிலும் பட்டு அழியும். வாகனங்கள் விடும் புதிய புகையோடு வினைபுரிந்தும் அழியும். ஆகவே காலையில் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நினைக்கலாம். ஆனால் சில நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசோனை அந்த அழிவு எட்டுவதில்லை. இரவில் தரை குளிர்வதால் கீழே உள்ள காற்றும் மேலே உள்ள காற்றும் கலப்பதில்லை. மேலடுக்கில் தங்கிய ஓசோன், இரவு முழுவதும் அங்கே வேகமாக வீசும் காற்றில் ஏறிப் பயணம் செய்கிறது. மறுநாள் வெயிலில் தரை சூடேறிக் காற்று கலக்கத் தொடங்கும்போது, அது வேறொரு மாநிலத்தின் தெருக்களில் இறங்குகிறது. அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைத்தொடரின் கிழக்கே இப்படிப்பட்ட இரவுக் காற்றோட்டம் கோடையில் அடிக்கடி அமைகிறது. வாஷிங்டனிலிருந்து பாஸ்டன் வரை உள்ள நகரங்கள் அந்தப் பாதையில்தான் வரிசையாக நிற்கின்றன.

உயரமான புகைபோக்கிகளும் இதற்குத் துணைபோயின. 1970ம் ஆண்டு அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லைக்குள் காற்றைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்றது. அதற்குச் சிலர் கண்ட வழி, புகைபோக்கியை உயர்த்திக் கட்டுவது. சொந்த ஊரின் காற்று தெளிந்தது. புகை அடுத்த மாநிலத்துக்குப் போனது. 2010ம் ஆண்டு முடிவில் அந்நாட்டின் நிலக்கரி மின்நிலையங்களில் 500 அடியோ அதற்கு மேலோ உயர்ந்த புகைபோக்கிகள் 284 இருந்தன.

கனெக்டிகட் என்ற சிறிய மாநிலத்தை எண்ணிப் பாருங்கள். மேற்கிலிருந்து தொலைதூர மின்நிலையங்களின் மாசும், அருகில் நியூயார்க் பெருநகரின் மாசும் கடல் நீரிணையைத் தாண்டி அதன் கரையில் வந்து சேர்கின்றன. தன் வாகனங்களை எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் அந்த மாநிலத்தால் தனியாகத் தன் காற்றைச் சுத்தம் செய்ய முடியாது.

பெட்டி பெட்டியாக ஒரு கணக்கு

அப்படியானால் யாருடைய மாசு எவ்வளவு என்பதை எப்படி அறிவது? காற்றை அளக்கும் கருவி, இங்கே ஓசோன் இவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. இங்கேதான் கணினி மாதிரி தேவைப்படுகிறது.

முதலில் நாட்டின் வரைபடத்தின்மேல் கட்டம் போடுகிறார்கள். ஒரு கட்டம் 12 கிலோமீட்டர் நீளமும் 12 கிலோமீட்டர் அகலமும் இருக்கலாம். தொலைவான பகுதிகளுக்கு 36 கிலோமீட்டரும் இருக்கலாம். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் வானம் வரை அடுக்கடுக்காகப் பெட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். இப்படி ஆயிரக்கணக்கான காற்றுப் பெட்டிகள்.

பிறகு, குடும்பத் தலைவி வரவுசெலவு எழுதுவதுபோல் ஒவ்வொரு பெட்டிக்கும் கணக்கு எழுத வேண்டும். பக்கத்துப் பெட்டியிலிருந்து காற்று என்ன கொண்டுவந்தது? என்ன எடுத்துச் சென்றது? மேலும் கீழும் எவ்வளவு கலந்தது? அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மின்நிலையமும் சாலைகளும் மரங்களும் எவ்வளவு வாயுவைச் சேர்த்தன? வெயிலில் எவ்வளவு ஓசோன் உருவானது, எவ்வளவு அழிந்தது? மண்ணிலும் இலையிலும் எவ்வளவு படிந்தது? ஒரு பெட்டியின் செலவு அடுத்த பெட்டியின் வரவு. சில நிமிடங்களுக்கான கணக்கு முடிந்ததும், அடுத்த சில நிமிடங்களுக்கு மீண்டும் தொடங்க வேண்டும். இப்படியே பல நாள்கள், சிலவேளை ஒரு கோடைகாலம் முழுவதற்கும் போட வேண்டும். மனிதரால் இயலாத இந்த வேலையைக் கணினி செய்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1998ம் ஆண்டு வெளியிட்ட 'சீமாக்' என்னும் மாதிரி இவ்வகையைச் சேர்ந்தது. உலகின் பல நாடுகள் இதைப் பயன்படுத்துகின்றன.

இந்தக் கணக்கை எப்படி நம்புவது? முன்பு உண்மையிலேயே நடந்த ஒரு நிகழ்வைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஓசோன் மிகுந்திருந்த ஒரு வாரத்தின் வானிலையையும் அன்றைய புகை அளவுகளையும் மாதிரிக்குள் இடுகிறார்கள். மாதிரி சொல்லும் அளவும், அன்று கருவிகள் அளந்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கிறார்கள். ஒத்துவந்தால்தான் அடுத்த கேள்வி: ஒஹாயோ மாநிலத்தின் புகையை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டால், கனெக்டிகட்டில் ஓசோன் எவ்வளவு குறைகிறது? குறைகிற அளவை ஒஹாயோவின் பங்கு எனலாம். இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு மாநிலத்தின் வாயுவுக்கும் கணக்கில் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டி, அது எங்கே போய் எவ்வளவு ஓசோனாகிறது என்று பின்தொடர்வது.

கணக்கு கற்றுத்தரும் பணிவு

இந்த வேதியியல் சில வேளைகளில் நம் எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கிவிடும். ஓர் எடுத்துக்காட்டு: லாஸ் ஏஞ்சல்ஸில் பல ஆண்டுகளாக, லாரிகள் குறைவாக ஓடும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசோன் கூடுதலாக இருந்தது. புகை குறைந்தால் மாசு குறையத்தானே வேண்டும்? ஆனால் எஞ்சினிலிருந்து புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு, அருகிலுள்ள ஓசோனை அழிக்கவும் செய்கிறது. வாகனம் நெருக்கமான நகர மையத்தில் அதைச் சிறிதளவு குறைத்தால், அழிப்பதற்கு ஆளில்லாமல் ஓசோன் ஏறிவிடுகிறது. 2020ம் ஆண்டு பொதுமுடக்கத்தின்போதும் உலகின் பல நகரங்களில் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைய, ஓசோன் கூடியதைக் கண்டார்கள்.

இன்னோர் எடுத்துக்காட்டு: அட்லாண்டா நகரைச் சுற்றிக் காடுகள் அதிகம். கருவாலி போன்ற மரங்கள் வெயில் காலத்தில் இயல்பாகவே கரிமச் சேர்மங்களை வெளியிடுகின்றன. ஆகவே மனிதர் வெளியிடும் கரிமச் சேர்மங்களை மட்டும் குறைத்து அங்கே ஓசோனை அடக்குவது கடினம் என்று 1988ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அங்கே நைட்ரஜன் ஆக்சைடுகளைத்தான் குறைக்க வேண்டும். மரத்தின்மேல் பழிபோட முடியாது. மரத்தின் மூச்சை நஞ்சாக்கியது நம் புகை.

பங்கைப் பிரிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பெரிய மரக்கட்டையை இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் யார் கையை எடுத்தாலும் கட்டை கீழே விழும். அப்படியானால் தூக்கியதில் ஒவ்வொருவரின் பங்கு பாதியா, முழுவதுமா? ஓசோன் கணக்கும் அப்படித்தான். ஒரு மாநிலத்தின் புகையை நீக்கிப் பார்த்துக் கிடைக்கும் விடையும், பெயர்ச்சீட்டு ஒட்டிக் கிடைக்கும் விடையும் முழுமையாக ஒன்றாக இருப்பதில்லை. இதை நல்ல அறிஞர்கள் மறைப்பதில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் பெட்டிக்குள் எல்லா இடமும் ஒன்றுபோல் இருப்பதாகக் கொள்வதும், உள்ளே இடும் புகைப் பட்டியலில் உள்ள பிழைகளும் விடையைப் பாதிக்கும் என்பதையும் அவர்கள் சொல்லியே வருகிறார்கள்.

37 மாநிலங்கள் ஒரே மேசையில்

1995ம் ஆண்டு அமெரிக்காவின் கிழக்கிலுள்ள 37 மாநிலங்கள் சேர்ந்து ஒரு மதிப்பீட்டுக் குழுவை அமைத்தன. புகையை அனுப்பும் மாநிலமும் பெற்றுக்கொள்ளும் மாநிலமும் ஒரே மேசையில் அமர்ந்தன. 1988, 1991, 1993, 1995 ஆகிய ஆண்டுகளின் ஜூலை மாதங்களில் ஓசோன் மிகுந்த நாள்களை எடுத்து, ஒரே மாதிரியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகள் நடந்த இந்த முயற்சியின் முடிவு இதுதான்: கரிமச் சேர்மங்களைக் குறைத்தால் பெரும்பாலும் அந்தந்த நகரத்துக்கே பயன், நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைத்தால் தொலைவில் உள்ளவர்களுக்கும் பயன். அதன் அடிப்படையில் 1998ம் ஆண்டு அரசு 22 மாநிலங்களையும் தலைநகர்ப் பகுதியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும்படி கேட்டது. எதிர்த்து வழக்குகள் வந்தன. ஆயினும் பெரும்பகுதி நிலைத்தது. 2008ம் ஆண்டு கோடையில் அந்தத் திட்டத்தில் இருந்த மின்நிலையங்களும் ஆலைகளும் வெளியிட்ட நைட்ரஜன் ஆக்சைடுகள், 2000ம் ஆண்டு அளவில் பாதிக்கும் கீழே இறங்கின.

இதற்கு ஆதாரமான சட்டப் பிரிவு, ஒரு மாநிலத்தின் புகை இன்னொரு மாநிலத்தின் காற்றைக் கெடுப்பதில் குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கக் கூடாது என்கிறது. வழக்கறிஞர்கள் அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'நல்ல அயலார் விதி'. நல்ல சமாரியர் உவமையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பெயர் புதிதாகத் தோன்றாது.

இன்னும் வியப்பான ஒன்று உண்டு. 2011ம் ஆண்டு வந்த ஒரு விதியைப் பற்றிய வழக்கு 2014ம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. ஆறு நீதிபதிகள் விதியை ஏற்றனர், இருவர் மறுத்தனர். தீர்ப்பை எழுதியவர் யூத மரபில் வந்த நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். மாசு எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்று காண்பது எவ்வளவு கடினம் என்பதை விளக்க அவர் எடுத்தாண்டது யோவான் நற்செய்தி 3:8. இயேசு இரவில் தம்மிடம் வந்த நிக்கதேமுக்குத் தூய ஆவியாரைப் பற்றி விளக்கக் காற்றை உவமையாகக் கூறும் வசனம் அது. அந்த வசனத்தைச் சொல்லி, நம்மால் முடியாது என்று அவர் கைவிட்டுவிடவில்லை. காற்றின் போக்குகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டே விதி வகுக்க வேண்டும் என்றுதான் எழுதினார்.

இந்த வழக்குகளில் ஒரு சிறிய எண்ணும் இடம்பெறுகிறது. 2015ம் ஆண்டு நிர்ணயித்த ஓசோன் வரம்பு, நூறு கோடிப் பங்கு காற்றில் 70 பங்கு. அதில் நூற்றில் ஒன்று, அதாவது 0.7 பங்கு அளவுக்கு அடுத்த மாநிலத்தின் சிக்கலில் பங்களித்தாலே, அந்த மாநிலத்தின் பொறுப்பைப் பற்றிய விசாரணை தொடங்குகிறது. இந்த அளவை எந்தக் கருவியாலும் தனியாகப் பிரித்து அளக்க முடியாது. மாதிரியால்தான் கணக்கிட முடியும்.

சண்டை இன்னும் ஓயவில்லை. 2023ம் ஆண்டு 23 மாநிலங்களுக்கென 'நல்ல அயலார் திட்டம்' ஒன்றை அரசு அறிவித்தது. சில மாநிலங்கள் விலகினாலும் அதே கணக்கு பொருந்துமா என்பதைப் போதிய அளவு விளக்கவில்லை என்று கூறி, 2024ம் ஆண்டு ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை நிறுத்திவைத்தது. விதிகள் வரும், போகும். காற்று யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

நமக்கு என்ன?

இது எங்கோ நடக்கும் வழக்கு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் நாட்டிலும் 2009ம் ஆண்டு அறிவிக்கப்பட்ட காற்றுத் தர வரம்புகளில் ஓசோன் இருக்கிறது: எட்டு மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். 2010ம் ஆண்டு டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது தொடங்கிய 'சஃபர்' என்னும் முன்னறிவிப்பு முறையும் இத்தகைய கணினி மாதிரியைக் கொண்டே இயங்குகிறது. வெயிலுக்கும் வாகனங்களுக்கும் நம்மிடம் குறைவில்லை என்பது நாம் அறிந்ததே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலும், காற்று மாசினால் அதிகம் துன்புறுகிறவர்கள் ஏழைகளே என்று நமக்கு நினைவூட்டியது.

இந்த மாதிரிகள் நமக்குச் செய்யும் பெரிய உதவி ஒன்று உண்டு. மனிதர் தப்பித்துக்கொள்ளப் பயன்படுத்தும் இரண்டு சொற்களை அவை எடுத்துவிடுகின்றன. "எனக்குத் தெரியாது" என்பது ஒன்று. "என் பங்கு மிகச் சிறியது" என்பது மற்றொன்று. கனெக்டிகட்டின் காற்றைக் கெடுத்தது எந்த ஒரு மாநிலமும் தனியாக அல்ல. பலரின் சிறு பங்குகள் சேர்ந்துதான். பாதிக்கப்பட்ட மாநிலத்தின் சொந்த வாகனங்களும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. மாதிரி யாரையும் விட்டுவைப்பதில்லை. முறையிடுகிறவரின் பங்கையும் சேர்த்தே எழுதுகிறது. நாம் ஆன்மசோதனை செய்யும்போதும் இந்த நேர்மை நம்மிடம் இருக்க வேண்டும் அல்லவா?

முதலில் சொன்ன அந்தப் பின்வீட்டாரைச் சென்ற ஞாயிறன்று பார்த்தேன். தோட்டத்தின் மூலையில் குழி வெட்டிச் சருகுகளை மக்க வைப்பதாகவும், பிளாஸ்டிக்கைக் குப்பை வண்டியில் போடுவதாகவும் சொன்னார். அந்தச் சிறுவன் இப்போது இரவில் தூங்குகிறானாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாதவரைதான் அவர் கொளுத்தினார். தெரிந்தபின் அவருக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நம் புகை எங்கே போகிறது என்பதை அறிய முயல்வோம். அறிந்தபின், முகம் தெரியாத அந்த அயலாருக்காகவும் நம் பங்கைக் குறைத்துக்கொள்வோம்.